துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

இன்று காலை குளியலறையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் மறுபடியும் கல்லாகிக் கிடந்தது. ஜெர்மனியில் இந்த ஆஹென் ஊரில் குளிர் தொடங்கினால் வருஷா வருஷம் நடப்பதுதான். செல்வி அதை வெந்நீர்ச் சொம்புக்குள் நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஓரம் இளகி வாசனை மெல்லக் கிளம்பியது. பாதிச் சவரம் செய்த முகத்தோடு நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மற்றவர்களுக்கு இந்த வாசனை வீட்டு ஞாபகத்தைக் கொண்டுவரும். எனக்கு உன் மூஞ்சிதான் வருகிறது. என்ன செய்யச் சொல்கிறாய்?

நேற்று மாலை ஹைடல்பர்க்கிலிருந்து ஒரு மாணவர் ஃபோன் செய்தார். கடையிலேயே உனக்கு மாரடைப்பாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். உடலை ஊருக்கு அனுப்ப ஏற்பாடு நடக்கிறது, கூடவே பழகியவர்கள் எல்லோரும் உன் அம்மாவுக்கு நாலு வரி எழுதித் தர வேண்டும் என்றார். "நீங்கதானே சார் அவருக்கு ரொம்ப ஓல்டு ஃப்ரெண்டு, நீங்க எழுதாம எப்படி?" என்று கேட்டார். ஃப்ரெண்டாமே! வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டுச் சரி என்றேன்.

தாளை எடுத்து வைத்தேன். 'அன்புள்ள அம்மாவுக்கு' என்பதைத் தாண்டிப் பேனா நகரவில்லை. உன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுத வேண்டுமென்றால் முதலில் உன்னோடு ஒரு பாட்டம் பேசித் தீர்க்க வேண்டியிருக்கிறது. உயிரோடு இருந்தவரை நீ நின்று கேட்டதே இல்லை. இப்போது எங்கே ஓடுவாய்? கேள்.

கோயம்புத்தூரில் ஒரே பாலிடெக்னிக், ஒரே பெஞ்சு. நான் பீளமேட்டு லேத் பட்டறைக்காரர் மகன். நீ பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரர் மகன். அறுபதுகளின் கடைசியில் ஒன்றாகத்தான் இந்த நாட்டில் வந்து இறங்கினோம். வால்டோர்ஃப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், அதில் துப்பாக்கி பழுது பார்க்கும் கடை. முதலாளியை எல்லோரும் மைஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், நாமும் அப்படியே கூப்பிட்டோம். வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ஹைடல்பர்க்கில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள். உனக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு. ஜெர்மனையும் சீக்கிரம் பிடித்துக்கொண்டாய். ஆகவே நீ முன்னால் கல்லாப் பக்கம், நான் பின்னால் பட்டறையில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸும் அரமுமாக. வந்தவர்களோடு நீ சிரித்துப் பேசுவாய், அவர்கள் கொண்டுவந்த வேலையை நான் செய்வேன். மைஸ்டர் இருவருக்கும் ஒரே சம்பளம்தான் கொடுத்தார். அதில் எனக்கு அப்போது வருத்தமும் இல்லை.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஓர் அறை. சமையல் உன்னுடையது. உன் ரசம் நன்றாக இருக்கும். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எழுதுவது பாதிப் பொய்யாகிவிடும். வாடகை தாமதமானாலும் சரி, பஸ்ஸைத் தவறவிட்டாலும் சரி, உனக்கு ஒரே மந்திரம்தான்: "உடு மாப்ளே, பாத்துக்கலாம்." உன் தோப்புத் தேங்காய் எண்ணெயை உன் அம்மா டின்னில் அடைத்து, யாராவது வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். தலைக்கு அதைத்தான் தடவுவாய், கை வெடிப்புக்கும் அதையேதான் தேய்ப்பாய். குளிரில் உறையாமல் இருக்க ஒரு சின்னச் சீசாவில் ஊற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அலைவாய். நான் கிண்டல் செய்வேன். நீயும் சிரிப்பாய்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் விடுப்பில் போய்ச் செல்வியைக் கட்டிக்கொண்டு தனியாகத் திரும்பினேன். அவளை இங்கே அழைத்துக்கொள்ள வேண்டுமென்றால் எனக்கு நிலையான வேலை இருப்பதாக மைஸ்டர் எழுதித் தர வேண்டும். தை மாதம் தருவதாக அவர் சொல்லியிருந்தார். அதற்குள் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. புது வருஷத்துக்குப் பிறகு இருவரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று அவர் நம் இருவரையும் உட்கார வைத்துப் பளிச்சென்று சொன்னார். அன்று வீடு திரும்பும்போது நீ என் தோளில் கை போட்டாய். "நீ இரு மாப்ளே. கல்யாணம் ஆனவன் நீ. நான் எங்கியாவது போய்ப் பொழைச்சுக்குவேன்" என்றாய். அடுத்த சனிக்கிழமை கழிவு விலையில் ஒரு கடையில் செல்விக்குக் குளிர் கோட்டு வாங்கப் போனோம். நான் பழுப்பு நிறத்தைத் தூக்கினேன். "அட, பொம்பளைக்கு எடுக்கற கலராடா இது?" என்று என் கையிலிருந்து பிடுங்கிவிட்டு, கரும்பச்சையில் பெரிய பொத்தான் வைத்த ஒன்றை எடுத்துக் கொடுத்தவன் நீதான். அந்தக் கோட்டு நம் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. நாம் இருவரும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் வேலைக்குப் போனோம்.

இப்போது துப்பாக்கிக்கு வருகிறேன். அது அந்த அமெரிக்க சார்ஜென்ட்டின் சொந்தத் துப்பாக்கி. மேலே பெட்டிக்கு இருப்பதுபோல் ஒரு கைப்பிடி வைத்த ரகம். அந்தக் கைப்பிடியின் முதுகில் ஒரு பள்ளம் ஓடும். தூரத்துக் குறி பார்க்கும் ஸ்கோப்பைத் தாங்கும் மவுன்ட் அந்தப் பள்ளத்தில் உட்காரும். கைப்பிடியில் உள்ள துளை வழியாக ஒரே ஒரு ஸ்க்ரூ போய் அதைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஒற்றை ஸ்க்ரூவை நம்பித்தான் குறியே இருக்கிறது. மவுன்ட் மயிரிழை ஆடினாலும் குண்டு எங்கேயோ போய் விழும். ஆடுகிறது என்றுதான் அவர் கொண்டுவந்தார். மரை தேய்ந்திருந்தது. நான் புது ஸ்க்ரூ கடைந்து, பள்ளத்தைச் சுத்தம் செய்து, மவுன்டை உட்கார வைத்து இறுக்கினேன். பின்பக்கம் கணப்பு இல்லாத, கம்பி போட்ட குளிரறையில், அவர் வந்து வாங்கிப் போவதற்காக மாட்டி வைத்தேன்.

அந்த வாரத்தில் ஆயுத பூஜை வந்தது. மைஸ்டர் போன பிறகு பட்டறையில் ஒரு சின்னப் பூஜை போட்டுவிடலாம் என்றாய். எனக்கும் ஆசைதான். லேத் பட்டறையில் பிறந்தவனுக்கு அந்த நாளைச் சும்மா விட மனசு வருமா? லேத்துக்கும் வைஸுக்கும் அரங்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். "கஸ்டமர் சாமானத் தொடாதடா" என்று நான் சொன்னேன். "தெரியும் போ" என்றாய். சுண்டல் வேக வைக்க நான் முன்னாலேயே அறைக்குப் போனேன். மைஸ்டர் வருவதற்குள் பொட்டுகளையெல்லாம் துடைத்துவிட்டு வருவதாகச் சொல்லி நீ பின்தங்கினாய். வந்தவன் சுண்டலை வளைத்துக் கட்டினாய். துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சார்ஜென்ட் வாங்கிப் போன சில நாளிலேயே திரும்பி வந்தார். முதலில் சுடும்போது சரியாக இருக்கிறதாம், கொஞ்ச நேரம் தொடர்ந்து சுட்டால் குறி அலைகிறதாம். குளிரறையில் வைத்து அசைத்துப் பார்த்தேன், பாறைபோல் இருந்தது. இன்னும் ஓர் இழுப்பு இறுக்கிக் கொடுத்தேன். நீ கல்லாப் பக்கம் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. "என்னோடு வேலை செய்கிறவர் இதற்குப் புதிது, மன்னித்துவிடுங்கள்" என்றாய். யார் புதிதடா? அரம் பிடித்தே வளர்ந்தவனையா சொன்னாய்? அன்றே வந்து உன் கழுத்தைப் பிடித்திருக்க வேண்டும். பேச்சுக்குச் சொல்கிறான் என்று விட்டுவிட்டேன்.

மார்கழியில் அவர் மறுபடி வந்தபோது முகம் சிவந்திருந்தது. அவர்களுடைய கிளப்பில் கிறிஸ்துமஸ் போட்டியாம். முதல் சுற்றில் முன்னால் நின்றவர், அடுத்த சுற்றில் அட்டையிலேயே படாமல் சுட்டுத் தள்ளி, எல்லோரும் சிரிக்கும்படி ஆகிவிட்டதாம். கல்லா மேசையில் துப்பாக்கியை வைத்துவிட்டுக் கத்தினார். மைஸ்டர் பட்டறைக்குள் வந்தார். அவர் கத்தவில்லை. "இன்னொரு முறை இது திரும்பி வந்தால் உன் வேலை முடிந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். துப்பாக்கியைக் குளிரறைக்குக் கொண்டுபோய் அசைத்துப் பார்த்தேன், இம்மியும் ஆடவில்லை. தை பிறக்க அதிக நாள் இல்லை. பீளமேட்டில் செல்வி பெட்டி கட்டவே ஆரம்பித்துவிட்டாள்.

மதியம் சாப்பிடப் பிடிக்காமல் பட்டறையில் குளிர்காயும் அடுப்போரமாக உட்கார்ந்தேன். துப்பாக்கியும் பக்கத்து மேசையில்தான் கிடந்தது. சும்மா கை போன போக்கில் ஸ்கோப்பைத் தொட்டேன். ஆடியது. காலையில் குளிரறையில் அசையாத அதே மவுன்ட் இங்கே லொடலொடவென்று ஆடுகிறது! குனிந்து பார்த்தேன். ஸ்க்ரூவின் தலையோரம் ஒரு சொட்டு மினுங்கியது. விரலில் தொட்டு முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய்.

அப்புறம் எல்லாமே விளங்கிவிட்டது. எண்ணெய் பள்ளத்திலும் மரையிலும் உறைந்து மெழுகாக உட்கார்ந்திருக்கிறது. குளிரில் தொட்டால் அது இறுக்கம்போல ஏமாற்றும். சுடச் சுடத் துப்பாக்கி சூடேறும், எண்ணெய் இளகி வழியும், அது விட்ட இடத்தில் மவுன்ட் நகரும். வேலை முடிந்து அறைக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் உன்னைக் கேட்டேன்.

"அந்த ரைஃபிளுக்குப் பொட்டு வெச்சியா?"

"எந்த ரைஃபிளுக்கு?"

"நடிக்காதடா. ஸ்க்ரூவுல தேங்காண்ண வழியுது. இந்த ஊர்ல தேங்காண்ண வேற யார்கிட்ட இருக்குது, மைஸ்டர் சம்சாரத்துகிட்டயா?"

நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "அட, ஆமா மாப்ளே. கடையிலயே பெரிய ஆயுதம் அதுதான். அத உட்டுப்போட்டு அரத்துக்கு மட்டும் பொட்டு வெச்சா சாமி ஒத்துக்குமா? ஸ்கோப்பக் கழட்டி, எண்ண போட்டு நல்லாத் தொடச்சு, கும்பிட்டுட்டு மறுபடி மாட்டீட்டேன். காசை வெச்சு நல்லா டைட் பண்ணுனனே!" என்றாய்.

"மொத தடவ திரும்பி வந்தப்பவே உனக்குத் தெரிஞ்சுதா, இல்லியா?"

நீ திரும்பி அடுப்பில் ரசத்தைக் கலக்கினாய். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாய்: "நாளைக்கு நானே மைஸ்டர்கிட்டப் போய்ச் சொல்றேன். உன்ற ஜெர்மனுக்கு நீ சொன்னா அவருக்குப் பாதிதான் புரியும். நான் பண்ணுன தப்பு, நான் சொன்னாத்தான் மரியாதை. உடு மாப்ளே, பாத்துக்கலாம்." நம்பினேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

மறுநாள் காலை நீ மைஸ்டரின் அறைக்குள் போனாய். கதவு மூடியிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். நீ அவருக்குப் பக்கத்தில் நின்றாய், எனக்குத் தமிழில் எடுத்துச் சொல்வதற்காக. அவர் நீளமாகப் பேசினார். என் ஜெர்மன் அப்போது மோசம்தான். ஆனால் எண்ணெய் என்ற சொல்லும் துப்பாக்கி என்ற சொல்லும் கும்பிடுவது என்ற சொல்லும் எனக்குத் தெரியும். பேச்சுக்கு நடுவில் அவர் என்னைப் பார்த்தபடியே தன் நெற்றி நடுவில் விரலால் தொட்டுக் காட்டினார். பொட்டு என்று ஒன்று இருப்பதே அந்த மனுஷனுக்கு அதுவரை தெரியாது. யார் சொல்லிக் கொடுத்தது?

நீ என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாய்: "வேலை கொறஞ்சு போச்சாம் மாப்ளே. ஒருத்தரத்தான் வெச்சுக்க முடியுமாம். உம் மேல அவருக்கு ஒரு கோவமும் இல்லியாம்."

அடப்பாவி! ஒரு வாய்க்குள் எத்தனை நாக்கு? அங்கே ஜெர்மனில் நான் துப்பாக்கியைக் கும்பிடுகிற கிறுக்கன், இங்கே தமிழில் வேலை குறைந்துபோச்சு. எனக்குத் தெரிந்த ஜெர்மனில் "நான் இல்லை, இவன்" என்று உன்னைக் காட்டினேன். மைஸ்டர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். நீ சாவு வீட்டில் நிற்பவன்போல் முகத்தை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாய், பாவம், பயத்தில் உளறுகிறான் என்பதுபோல. துப்பாக்கி ஏந்திய தீவிரவாதிகளை நினைத்து நாடே பயந்துகொண்டிருந்த காலம் அது. ஆயுதத்தைக் கும்பிடுகிறவனை எந்த முதலாளி வைத்துக்கொள்வான்? அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவருக்கு எட்டிய செய்தி அப்படி.

ஆனாலும் நான் உடனே போகவில்லை. துப்பாக்கியை எடுத்து என் வைஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். மைஸ்டர் தடுக்கவில்லை. ஸ்க்ரூவைக் கழற்றி மவுன்டைத் தனியாக எடுத்தேன். பள்ளத்தில் வெள்ளையாக அப்பிக் கிடந்தது உன் பக்தி. பெட்ரோலில் நனைத்த துணியால் பள்ளத்தையும் மரையையும் துடைத்தேன், காய வைத்தேன், மறுபடி துடைத்தேன், வாசனை போகும்வரை துடைத்தேன். ஸ்க்ரூ தளராமல் இருக்க ஸ்பிரிங் வாஷர் ஒன்று கொடுத்து இறுக்கினேன். மவுன்டையும் கைப்பிடியையும் சேர்த்துப் பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். அடுப்போரம் வைத்துச் சூடாக்கினேன், குளிரறைக்குக் கொண்டுபோனேன், திரும்ப அடுப்புக்கு. கோடு விலகவில்லை. மைஸ்டரின் மேசையில் வைத்துவிட்டு என் அரங்களை மட்டும் துணியில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். என் கைபட்ட வேலை ஆடக் கூடாது, அவ்வளவுதான். நீ கல்லாப் பக்கம் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய்.

ஆஹெனில் பீளமேட்டுக்காரர் ஒருவர் ஆராய்ச்சி மாணவராக இருந்தார். அவர் அறையில் தரையில் படுத்துக்கொண்டு வேலை தேடினேன். கிடைத்ததெல்லாம் தற்காலிக வேலை. அந்த வேலையைக் காட்டி மனைவியை அழைக்க முடியாது என்றார்கள். கட்டிய பெட்டியைச் செல்வி அவிழ்த்தாள். "வெளிநாட்டுக்காரன் கைவிட்டுட்டான்" என்று அவளைப் பார்த்துச் சொந்தக்காரர்களே பேசினார்கள். தை போயிற்று, அடுத்த தையும் போயிற்று. அதற்குள் என் அப்பா கண்ணை மூடினார், போக முடியவில்லை. அந்தப் பச்சைக் கோட்டு என்னோடு அறை அறையாக மாறிக்கொண்டிருந்தது. சில நாள் அதைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மனசு வரவில்லை.

செல்வி ஒருவழியாக வந்து சேர்ந்த பிறகு, இந்திய மாணவர்கள் இங்கே ஒரு தீபாவளி விருந்து வைத்தார்கள். நீ காரில் வந்து இறங்கினாய். மைஸ்டருக்கு வயதாகிவிட்டது, இப்போது கடையே உன் கையில்தான் என்றாய். கேட்காமலே அந்தச் சார்ஜென்ட்டைப் பற்றியும் சொன்னாய், அதற்கப்புறம் அவர் குறை என்று வந்ததே இல்லையாம். உன் கைராசியைச் சொல்வதுபோல் சொன்னாய். அதை இறுக்கிக் கோடு போட்டுப் பார்த்தவன் நான். அப்போது செல்வி அந்தப் பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்துவிட்டது: "அட, இது நான் செலக்ட் பண்ணுன கோட்டாச்சே! எப்படி இருக்குது பாத்தியா மாப்ளே!"

"வெளிய போடா" என்றேன். மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. "அதெல்லாம் பழைய கதை, உடு மாப்ளே" என்று நீ என் கையைப் பிடித்தாய். கையை உதறினேன். நாம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

நான் இப்போது ஒரு எந்திரப் பட்டறையில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். எந்த உருப்படி வந்தாலும் குளிரில் இறுக்கமாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதில்லை, சூடாக்கிப் பார்த்த பிறகுதான் அனுப்புவேன். ஸ்க்ரூவைக் கழற்றினால் முதலில் மூக்குக்குத்தான் கொண்டுபோவேன். கூட வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். இதை நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போனதாக நினைத்துக்கொள்ளாதே. உன்னிடமிருந்து தப்பித்து நான் எடுத்துக்கொண்டு வந்தது இது. மனுஷர்களிடமும் அப்படியே ஆகிவிட்டேன். யார் தோளில் கை போட்டாலும் உடம்பு ஒருமுறை விறைக்கிறது. அதுவும் உன்னால் வந்ததுதான்.

செல்வி கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, செத்தவங்க மேல இன்னும் என்னங்க கோவம்? அந்தம்மா என்ன பண்ணுனாங்க பாவம். ஒரு வார்த்தை நல்லதா எழுதுங்க" என்றாள். அவளுக்குச் சொல்வது சுலபம் என்று எழுதப்போனேன். ஆனால் காத்துக் கிடந்தவளே அவள்தான். அவளைவிட உன்மேல் கோபப்பட யாருக்கு உரிமை இருக்கிறது?

யோசித்தேன். நேர்மையானவன் என்று எழுத முடியாது, நல்ல நண்பன் என்று எழுதக் கை கூசும். பொய் எழுதவும் மாட்டேன். உன் அம்மா தோப்பிலிருந்து எண்ணெய் ஆட்டி, டின்னில் அடைத்து, இவ்வளவு தூரம் கொடுத்தனுப்பியவர். அவர் மகனைப் பற்றி என்னிடம் இருக்கும் உண்மையில் அவருக்குக் கொடுக்கக்கூடியதாக ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. அதை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.

'அன்புள்ள அம்மாவுக்கு, நீங்கள் அனுப்பிய எண்ணெயை உங்கள் மகன் இந்தக் குளிர் தேசத்திலும் ஒரு நாள்கூடக் கைவிட்டதில்லை. ஆயுத பூஜையை மறந்ததில்லை. அதற்கு நான் சாட்சி.'